நீலப்பசை மரம்

அம்மா கை தட்டவில்லை. முதல் பாட்டு முடிந்துவிட்டது, ஆண்டன் கடைசியாக அடித்த தாளத்தட்டு இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கிறது, பின்வரிசைப் பையன்கள் நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடிக்கிறார்கள், மூன்றாவது வரிசையில் அம்மா மட்டும் முந்தானையால் தோளைப் போர்த்திக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனை நம்பாதவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தேன், சத்தம் அதிகமாக இருக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தேன், வைத்துக்கொள்ளவில்லை. ஏன் வைத்துக்கொள்ளவில்லை, ஒரு வார்த்தையும் தப்பிவிடக் கூடாது என்றா? மைக் பிடித்த கல்லூரி மாணவன் இப்போதுதான் எங்களை அறிமுகப்படுத்துகிறான், முதலிலேயே செய்ய வேண்டியதை மறந்துவிட்டு இப்போது கத்துகிறான், கொடைக்கானலில் இருந்து நம் மதுரைக்கு வந்திருக்கிறது கேரட் லாரி, பாட்டும் பேன்ஜோவும் ஹெப்சிபா, கிட்டார் சிபி, ட்ரம்ஸ் ஆண்டன், அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களை பங்க் ராக் வேகத்தில் தருகிறார்கள். முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருப்பவளின் காதில் என்னமோ சொல்கிறாள், இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள், அமெரிக்காவிலும் நாட்டுப்புறம் இருக்கிறதா என்று கேட்டிருப்பாள், அல்லது இந்த வயதில் இந்தப் பொம்பளைக்கு இது தேவையா என்று. தேவைதான். சிபி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுகிறான், அடுத்ததைத் தொடங்கலாமா என்று, அல்லது உங்கம்மாவைப் பாருங்கள் என்று. அவன் கண்ணைக் காட்டினால் எனக்கு இப்போதெல்லாம் இரண்டு அர்த்தம் தெரிகிறது. காலையில் அவன் அதைச் சொன்னதில் இருந்து எல்லாவற்றுக்கும் இரண்டு அர்த்தம் தெரிகிறது.

இரண்டாவது பாட்டு சுரங்கத்தில் புருஷனைப் பறிகொடுத்தவளின் பாட்டு, விரல் தானாகவே போகிறது, பேன்ஜோ ஒரு விதத்தில் நல்லது, தோல் போர்த்திய அந்த வட்டத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் மனது எங்கே போனாலும் கை வேலையைப் பார்த்துக்கொள்ளும். வாயும் அப்படித்தான். நான் அந்த விதவைக்காகக் கத்திக்கொண்டே அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடிகிறது. இந்தப் பாட்டுகளை எல்லாம் முன்பு நான் மெதுவாகத்தான் பாடிக்கொண்டிருந்தேன், ஓட்டல் புல்வெளியில், சுற்றுலா வந்தவர்கள் சூப் குடிக்கும்போது. கோயம்புத்தூரில் இருந்து சூப் குடிக்க வந்தவன்தான் சிபி. பாதியில் எழுந்து வந்து கேட்டான், ஏன்க்கா இதை எல்லாம் துக்க வீட்டில் பாடுற மாதிரி பாடுறீங்க, இவங்க எல்லாம் கோபத்தில் இருக்கிறவங்கக்கா, கோபமா பாடுங்க. கிட்டாரில் மூன்று கார்டு, மூன்றே சுரக்கூட்டு போதும், இரண்டு மடங்கு வேகம், தொண்டை கிழிந்தாலும் பரவாயில்லை, அதுதான் பங்க் என்றான். அன்றைக்கு அவன் கண்ணில் இருந்தது ஆசை என்று நினைத்தேன், பாட்டு மேல் ஆசை. இன்றைக்கு யோசித்தால் அது அளவெடுக்கிற பார்வையாக இருந்திருக்குமோ என்று படுகிறது, ஒரு வீட்டை வாங்க வந்தவன் சுவரைத் தட்டிப் பார்ப்பது மாதிரி. எதற்காகத் தட்டிப் பார்க்க வேண்டும்? சென்னையில் ரெக்கார்டிங் வைத்திருக்கிறோம், ஒவ்வொரு பாட்டும் எங்கே இருந்து வந்தது என்று ஸ்டுடியோக்காரர் கேட்கிறாராம். எல்லாவற்றுக்கும் அவன் வேர் கண்டுபிடித்துவிட்டான், இது இந்த மலையில், இது இந்த ஆற்றுப் பக்கம் என்று. ஒன்றே ஒன்றைத் தவிர, அம்மா பாடிக் கேட்டு நான் படித்ததைத் தவிர. இன்று காலையில் மேடையில் ஒயர் இழுத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல்தான் சொன்னான். "உங்கம்மா பாட்டு எங்கயுமே இல்லக்கா. பழைய பாட்டு சேர்க்கிற ஒருத்தர்கிட்ட போன்ல பாடியே காட்டினேன். மெட்டு தெரியுமாம், வார்த்தையக் கேட்டதே இல்லையாம். அது அமெரிக்கப் பாட்டே இல்லன்றார்." நான் சிரித்தேன். பிறகு அவன் சொன்ன அடுத்ததைக் கேட்டு சிரிப்பு நின்றுவிட்டது. "அதுல ப்ளூ கம்னு ஒரு மரம் வருதுல்ல, அந்த மரம் அந்தப் பக்கத்து மலையிலயே கெடையாதாம். உங்க ஊர்லதான் திரும்பின பக்கமெல்லாம் நிக்குது. அதாங்க்கா, தைலமரம்."

தைலமரம். சின்ன வயதில் நான் அதை நீலப்பசை என்றுதான் அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்தேன், ப்ளூ என்றால் நீலம், கம் என்றால் பள்ளிக்கூடத்தில் கிராஃப்ட் பீரியடில் ஒட்டுகிற பசை, அமெரிக்காவில் ஒரு மரம் நிற்கிறது, அதில் இருந்து நீலமாகப் பசை வடிகிறது, அதன் வளைவில் பஸ் திரும்புகிறது, பஸ்ஸின் சக்கரம் எல்லாம் நீலம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தைலமரக் காடுதான், அந்த இலையைக் கொதிக்க வைத்துத்தான் அம்மா என்னைச் சளிக்கு ஆவி பிடிக்க வைப்பாள், அந்த மரமும் இந்த மரமும் ஒன்று என்று முப்பத்தாறு வயது வரைக்கும் ஒருத்திக்குத் தெரியாமல் போகுமா? போனது. பாட்டு என்றால் தூரத்தில் இருப்பது என்று நினைத்துவிட்டால் பக்கத்தில் இருப்பது கண்ணில் படாது. பஸ்! பழைய பாட்டில் எல்லாம் ரயில் வரும், குதிரை வரும், இதில் மட்டும் ஏன் பஸ் வருகிறது என்று நான் ஒரு நாளாவது கேட்டேனா? அப்புறம் அந்த வார்த்தை, அவளைக் கொடுத்தேன் என்று வருகிற இடம். ஐ கிவ்ட் ஹெர். கேவ் என்றுதானே வர வேண்டும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லுமே. கேட்கிறவர்களுக்கெல்லாம் அதுதான் பிடிக்கும், அந்த இடத்தில் கூட்டமே சேர்ந்து கத்தும், கிவ்ட், கிவ்ட் என்று. அது அந்த மலை ஜனங்களின் பழைய பேச்சு வழக்கு என்று சிபிதான் மேடை மேடையாகச் சொல்லுவான், நானும் தலையாட்டுவேன். அது எந்த மலை ஜனங்களின் பேச்சு? எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்திதான் அப்படிப் பேசுவாள். அமெரிக்கத் துரைசாணி வீட்டில் சமையல் வேலை பார்த்துக் காதால் கற்றுக்கொண்ட இங்கிலீஷ். இப்போதும் வீட்டுக்கு வெள்ளைக்காரர்கள் யாராவது வழி கேட்டு வந்தால் சொல்லுவாள், கீ ஐ கிவ்ட் வாட்ச்மேன். தங்கபுஷ்பம் என்று பெயர், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், கை தட்டமாட்டேன் என்கிறாள்.

இரண்டாவது பாட்டும் முடிந்துவிட்டது போல, கை தட்டுகிறார்கள், நான் குனிந்து வணக்கம் சொல்லுகிறேன், தண்ணீர் குடிக்கிறேன், பாட்டிலின் விளிம்பு வழியாக அம்மாவையே பார்க்கிறேன். அவளும் என்னையேதான் பார்க்கிறாள். மகளைப் பார்க்கிற பார்வை இல்லை இது. வீட்டில் எதையோ காணோம் என்றால் வேலைக்காரியைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. எதற்கு வந்தாள்? இத்தனை வருஷமாகக் கூப்பிட்டிருக்கிறேன், ஒரு கச்சேரிக்கும் வந்தது இல்லை, நம்ம ஊர் ஏரிக்கரையிலேயே பாடினபோதுகூட முட்டி வலி என்றுவிட்டாள். மதுரைக்கு அவள் வருவதே இல்லை. சித்தப்பா மகள் கல்யாணம் மதுரையில், வரவில்லை. கண்ணில் புரை விழுந்தபோது டாக்டர் மதுரைக்குத்தான் எழுதிக் கொடுத்தார், இவள் திண்டுக்கல்லில் போய் அறுவை செய்துகொண்டு வந்தாள். ஏன் என்று கேட்டால் வெயில் ஒத்துக்காது என்பாள், திண்டுக்கல்லில் மட்டும் பனியா பெய்கிறது? இந்தத் தடவை சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன், வரியா என்று. வரேன் என்றாள். உடனே. கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வேன் பக்கத்தில் நிற்கிறாள். மலை இறங்குகிற வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள், எதையோ எண்ணுகிற மாதிரி. சிபி அவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தான். எதற்குக் கொடுத்தான்? இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் ஏற்கெனவே பேசியிருப்பார்களோ, அவன் என்னைக் கேட்பதற்கு முன்பே அவளைக் கேட்டிருப்பானோ, அது யார் பாட்டு என்று அவனுக்கு இப்போதே தெரியுமோ, தெரிந்துகொண்டுதான் ஒயரைப் பார்த்துக்கொண்டு பேசினானோ.

மூன்றாவது பாட்டு சின்னது, ஓடிப்போன குதிரைக்காரன் பாட்டு, கூட்டம் குதிக்கிறது, பலகை மேடை அதிர்கிறது, நான் குதிரைக்காரனை எல்லாம் நினைக்கவில்லை, எங்கள் வீட்டுப் பின்பக்கத்துத் துவைக்கிற கல்லைத்தான் நினைக்கிறேன். குளிரில் வாயில் இருந்து புகை வரும், அந்தப் புகையோடுதான் பாட்டும் வரும், துணியை ஓங்கி அடித்து அடித்துப் பாடுவாள், ஒவ்வொரு அடிக்கும் ஒரு வார்த்தை. நான் கிட்டே போனால் நிறுத்திவிடுவாள். தள்ளி நின்று கேட்டுத்தான் படித்தேன், கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு. என்ன பாட்டும்மா என்று கேட்டால், தொரசாணி ஊர்ப் பாட்டு, ரொம்பப் பழசு, போ போய்ப் படி. பழசு என்று சொல்லிவிட்டால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள், அது அவளுக்குத் தெரிந்திருந்தது. பழசு என்றால் யாருக்கோ நடந்தது. எப்போதோ நடந்தது. நான் கேட்கவே இல்லை, அதைத் தூக்கிக்கொண்டு போய் நாடு முழுக்கப் பாடினேன், சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள், கிவ்ட் என்று. காலையில் இருந்து அந்தப் பாட்டை வரி வரியாக மனதுக்குள் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பாட்டில் ஒருத்தி தன் பெண்குழந்தைக்குச் சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று போட்டுவிடுகிறாள். பாடினால்தான் சாப்பிடுவாள், தட்டைப் பார்க்கக் கூடாது, ஜன்னலைப் பார்க்க வைக்க வேண்டும் என்று இன்னொருத்தியிடம் சொல்லிக் கொடுக்கிறாள். பஸ் ஏரியைச் சுற்றிக்கொண்டு போகிறது, ப்ளூ கம் வளைவில் திரும்புகிறது, இவள் தூக்கின கையை இறக்காமல் நிற்கிறாள். எனக்கு ஒரு பெண் இருந்தாள், அவர்களுக்கு ஒரு பெண் இருக்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. அப்படி என்றால் அம்மாவுக்கு ஒரு பெண் இருந்தாள். நான் இங்கே இருக்கிறேன், நான் எங்கேயும் போகவில்லை, அப்படி என்றால் அது நான் இல்லை, இன்னொருத்தி. அக்காவா தங்கச்சியா? எங்கள் வீட்டில் ஒரே பிள்ளை என்றுதான் எல்லாரும் என்னைச் சொல்லுவார்கள், ஒத்தைப் பிள்ளை, ஒத்தைப் பிள்ளை என்று, அப்படிச் சொல்லும்போது அம்மா எந்தப் பக்கம் பார்ப்பாள்? ஞாபகம் இல்லை. ஏரியைத்தான் பார்ப்பாளோ. ஏரி எதற்கு அந்தப் பாட்டில் வருகிறது? கொடுத்தேன் என்றால் யாரிடம் கொடுத்தாள், ஏரியிடமா, பாட்டில் வருகிற அந்தச் சீமாட்டிக்குப் பெயரே இல்லையே, பழைய பாட்டுகளில் சாவு ஆள் வடிவத்தில் வந்தால் அப்படித்தானே வரும், நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு, மரியாதையாகப் பேசிக்கொண்டு. கடவுளே. நான் என்ன யோசிக்கிறேன். பெற்ற தாயைப் பற்றி என்ன யோசிக்கிறேன்.

சிபி கிட்டாரை உறும விடுகிறான், நான்காவது, அதேதான், கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டது, கிவ்ட் கிவ்ட் என்று இப்போதே தொடங்கிவிட்டார்கள். வேண்டாம் என்று சைகை காட்டலாம், வேறு பாடலாம், ஆண்டன் குச்சிகளைத் தட்டிவிட்டான், என் விரல் கேட்கவில்லை, போய்விட்டது. அம்மா நிமிர்ந்து உட்காருகிறாள். சிவப்பு ஸ்வெட்டர் என்று என் வாய் கத்துகிறது, அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. தட்டைப் பார்க்கக் கூடாது, ஜன்னலைப் பார்க்க வைக்க வேண்டும், அவள் உதடு அசைகிறதா, அசைகிறது, கூடவே பாடுகிறாள், இல்லை, பல்லைக் கடிக்கிறாள். சிபியும் அவளைத்தான் பார்க்கிறான், எனக்குத் தெரியும், நாங்கள் இரண்டு பேரும் ஒரு கிழவியை மேடையில் இருந்து விசாரித்துக்கொண்டிருக்கிறோம், வெளிச்சத்தை எல்லாம் வைத்துக்கொண்டு, இவ்வளவு பெரிய ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு. அவளுக்கு அது தெரிந்துவிட்டது. ஐ கிவ்ட் ஹெர். மண்டபமே கத்துகிறது, அத்தனை பிள்ளைகளும் கையைத் தூக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, கிவ்ட், கிவ்ட். அம்மா எழுந்துவிட்டாள். நாற்காலிக்கும் நாற்காலிக்கும் நடுவில் பக்கவாட்டாக நகர்ந்து, யார் காலையோ மிதித்து, அவர்கள் ஏதோ சொல்ல, இவள் திரும்பிப் பார்க்காமல், வெள்ளைச் சேலை மட்டும் இருட்டில் கதவு வரைக்கும் போகிறது, கதவு திறந்து ஒரு நிமிஷம் வெயில் உள்ளே வந்து போகிறது. இரண்டு அடி பாக்கி இருக்கிறது. ஏரி, வளைவு. நிறுத்த முடியாது, இந்த வேகத்தில் நிறுத்தினால் மூன்று பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுவோம். கையை இறக்காமல் நிற்கிறேன் என்று பாடுகிறேன், அவர்களுக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று பாடுகிறேன், அம்மா என்னை விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவாள் என்று அடித்துச் சொல்லுகிறது மனது, தனியாக, மதுரையில், அவளுக்கு வழியும் தெரியாது. முடிந்தது. கை தட்டுவதற்கு முன்பே பேன்ஜோவைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டேன். "அக்கா, இன்னும் ரெண்டு இருக்கு" என்கிறான் சிபி. நீங்களே ஏதாவது அடிங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் வேன் நின்றிருந்தது. கரண்ட் போய் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது, காது அடைக்கிற சத்தம், டீசல் வாடை. அதற்குப் பக்கத்திலேயே, அந்தச் சத்தத்தின் மடியிலேயே, ஒரு காலி ஸ்பீக்கர் பெட்டி மேல் அம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். நான் உட்காரவில்லை.

"ஏம்மா எந்திரிச்சு வந்துட்ட? வா, அங்கிட்டுப் போவோம், இங்க ஒண்ணும் கேக்காது."

"கேக்காதுன்னுதான் இங்க வந்தேன்." கத்தித்தான் சொன்னாள். "கேளு. கேக்கத்தான கூட்டிட்டு வந்த. எத்தன வருஷமா மனசுல வச்சிருக்க?"

"எத?"

"நடிக்காதடி. உனக்கு எல்லாம் நெனப்பு இருக்குன்னு எனக்குத் தெரியும். ஓட்டல்ல மொதமொத இதப் பாடுனேன்னு வந்து சொன்ன பாரு, அன்னைக்கே தெரியும். இங்கிலீஷ்ல எத்தனையோ பாட்டு இருக்கு, இதப் போய் எடுத்தா என்ன அர்த்தம்? என்னையக் குத்திக் காட்டத்தான் ஊர் ஊராப் பாடுற. சபையக் கூட்டிப் பாடுற. அதான் நான் எங்கயும் வர்றது இல்ல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அவளைச் சந்தேகப்பட ஆரம்பித்தது இன்று காலையில், அவள் என்னை இத்தனை வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறாள், ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு.

"அப்ப இன்னைக்கு ஏன் வந்த?"

"வயசாயிருச்சு. மூஞ்சிக்கு நேரா பாடித் தொலைக்கட்டும்னு வந்தேன். ஆனா அம்புட்டுப் பிள்ளைகளும் சேந்து சொல்லும்னு நான் நெனைக்கல."

நான் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "ம்மா, நான் யாரையும் குத்திக் காட்டல. சத்தியமா. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. அது அக்காவா, தங்கச்சியா? உசுரோட இருக்காளா?"

"யாரு?"

"நீ குடுத்த பிள்ள."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். இடது கண்ணில் இருந்து வலது கண்ணுக்கு, மறுபடி இடது கண்ணுக்கு. அறுவை செய்த கண் கொஞ்சம் அதிகமாகப் பளபளக்கும். அவள் வாய் திறந்தது, சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை, காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"உன்னத்தாண்டி குடுத்தேன்."

அப்புறம் அவள் சொன்னதெல்லாம் என் காதுக்குள் நேராகச் சொன்னது. அப்பா மரம் கழிக்கப் போய் விழுந்து முதுகு ஒடிந்து படுத்திருந்த வருஷம், எனக்கு மூன்று வயது. துரைசாணிக்குப் பிள்ளை இல்லை. நான் அவர்கள் வீட்டுச் சமையல்கட்டில்தான் தவழ்ந்து வளர்ந்தேன், அந்த அம்மா இல்லாமல் தூங்கமாட்டேனாம். ஊருக்குத் திரும்பப் போகிறோம், இவளைக் கொடுக்கிறாயா, படிக்க வைக்கிறேன் என்று அந்த அம்மா கேட்டார்கள். அழுதுகொண்டே கேட்டார்களாம். அம்மா ஒரு ராத்திரி யோசித்துவிட்டுச் சரி என்றாள். கப்பலோ விமானமோ ஏற்றுவதற்கு முன் காகித வேலை முடிய வேண்டும், அதுவரைக்கும் மதுரையில், இந்தக் கல்லூரிக்கு நாலு தெரு தள்ளி ஒரு பங்களாவில் வைத்திருந்தார்கள் என்னை. அப்பாவிடம் குழந்தைகள் விடுதியில் சேர்த்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். அக்கம்பக்கத்திலும் அதேதான்.

"மழக்காலம் பூரா நீ இல்ல. உங்கப்பா உள்ள படுத்திருப்பாரு. வாய்விட்டு அழுதா கேட்டுரும். தமிழ்ல பாடுனா புரிஞ்சிரும். அதான் அவங்க மெட்டுல, அவங்க பாஷையில, எனக்குத் தெரிஞ்ச வார்த்தையப் போட்டு... தொவைக்கையில. தப்பும் தவறுமாத்தான். இன்னைக்கும் தொவைக்க நின்னா வாய் தானாப் பாடும். நான் என்ன படிச்சவளா?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தாங்கல. ஒருநா ஈரத்துணிய அப்படியே கல்லுல போட்டுட்டுப் போயி கேரட் லாரியப் புடிச்சு வத்தலக்குண்டு வந்து, அங்கருந்து பஸ்ஸு. உன்னையத் திருப்பிக் கேட்டேன். அந்தம்மா ஒரு வார்த்த எதுத்துப் பேசல. சீப்ப எடுத்துட்டு வந்து, அது போட்டிருந்த ஒத்தப் பின்னல அவுத்துட்டு, நான் போடுற மாதிரி ரெட்டச் சடை போட்டுவிட்டு, கையில குடுத்துச்சு."

நான் எனக்குள் தேடிப் பார்த்தேன். அவசர அவசரமாக, வீடு தீப்பிடித்தால் பத்திரத்தைத் தேடுவார்களே, அப்படி. பங்களா, சீப்பு, அந்த அம்மாவின் கை. ஒன்றுமே இல்லை. ஒரு நிறம்கூட இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது, இல்லாததே நல்லது என்றும் தோன்றியது, பிறகு ஒரு கேள்வி வந்தது, அதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டேன்.

"உன்னப் பாத்ததும் நான் ஓடி வந்தேனா?"

அம்மா ஜெனரேட்டரைப் பார்த்தாள். புடவை நுனியைச் சுருட்டினாள், விட்டாள்.

"வரல," என்றாள். "அடையாளமே தெரியல உனக்கு. அந்தம்மா பின்னாடி போயி ஒளிஞ்சுக்கிட்ட. அது பாவாடையப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுட்ட. வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சுத்தான் இழுத்துட்டு வந்தேன். பஸ்ஸு மலை ஏறுற வரைக்கும் அந்தம்மாவக் கேட்டுக் கத்துன. சனமெல்லாம் என்னையப் பிள்ளை பிடிக்கிறவளோன்னு பாத்துச்சு. குடுத்ததக்கூட மறந்துருவேன் ஹெப்சி. திருப்பி வாங்குனதத்தான் மறக்க முடியல. விட்டிருந்தா எங்கயோ இருந்திருப்ப. நீ ஒவ்வொரு தடவ அந்தப் பொட்டிய மாட்டிக்கிட்டு இங்கிலீஷ்ல கத்தையிலயும், இங்க பாரு, இவ இன்னும் அவங்களத்தான் கேட்டுக் கத்துறான்னு நெனைப்பேன்."

"எனக்கு எதுவுமே நெனப்பு இல்லம்மா."

"ம்."

அவள் நம்பவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் என்ன சொன்னாலும் நம்பமாட்டாள் என்றும் தெரிந்தது, ஏனென்றால் எனக்கே நம்பிக்கை இல்லை. இல்லாவிட்டால் எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு பெண், கேக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவள், யாரோ விற்றுவிட்டுப் போன பேன்ஜோவைப் பார்த்ததும் அழுதுகொண்டு எதற்கு வாங்க வேண்டும், இந்தப் பாட்டைப் பாடும்போது மட்டும் தொண்டை கிழிகிறவரை கத்த வேண்டும் என்று எதற்குத் தோன்ற வேண்டும். கோபமா பாடுங்க என்று சிபி சொன்னபோது எனக்குள் கோபம் தயாராக இருந்ததே, அது யார் மேல்? யாரைக் கேட்டு? தெரியவில்லை. தெரியவில்லை என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது, அவள் அதையும் ஒரு பதிலாகத்தான் எடுத்துக்கொள்வாள்.

உள்ளே பாட்டு நின்று கை தட்டல் கேட்டது. சிபி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான், வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு தூரத்திலேயே நின்றான். பயந்திருந்தான், வெறுமனே பயந்திருந்தான், அவ்வளவுதான், அந்த முகத்தில் இரண்டாவது அர்த்தம் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சாரி ஆன்ட்டி, சத்தம் ஜாஸ்தியாயிருச்சா? நாங்க அந்தப் பாட்ட ரொம்ப வேகமா பாடுறோமோ?"

அம்மா அவன் பக்கம் திரும்பினாள். "வேகமாத்தான் பாடணும்," என்றாள். "மெதுவா யாராலயும் அதப் பாட முடியாது."

அவனுக்குப் புரியவில்லை, இருந்தாலும் தலையை ஆட்டினான். பிறகு என்னிடம், "அக்கா, ஸ்டுடியோவுக்கு என்ன சொல்ல? யார் கட்டினதுன்னு ஆன்ட்டிக்குத் தெரியுமா?"

அம்மாவின் கை மறுபடி புடவை நுனிக்குப் போனது. நான் அவளைக் கேட்கவில்லை. "பழைய பாட்டுதான்டா," என்றேன். "யாரு கட்டினதுன்னு தெரியாது. அப்படியே சொல்லிரு."

அவன் போய்விட்டான். அம்மா எழுந்தாள், முட்டியில் கை வைத்து, மெதுவாக. எங்கள் வேன் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தது. மைதானத்தைத் தாண்டிப் போக வேண்டும், நாலு மணி வெயில், எல்லாரும் உள்ளே இருந்தார்கள், ஒரு நாய்கூட இல்லை அங்கே. பத்தடி போனதும் அம்மா என் கையைப் பிடித்தாள். விரலை இல்லை, முழங்கைக்கு மேலே, சதையோடு சேர்த்து, வலிக்கிற மாதிரி. அவள் அப்படிப் பிடித்து எனக்கு ஞாபகம் இல்லை. என்னம்மா என்றேன்.

"கூட்டமா இருக்கு," என்றாள். "தொலஞ்சிரப் போற."